லீக் முடிந்த பிறகு வரும் கிண்ணம்: மலேசியக் கிண்ணம், பகாங், கேமரன் மலை ரசிகர்கள்

மலேசியக் கிண்ணம் நம் நாட்டின் மிகப் பழைய காற்பந்துப் போட்டி. 1921-இல் தொடங்கியது. லீக் ஆட்டங்கள் ஒரு பருவம் முழுக்க ஓடி முடிந்த பிறகு, அல்லது முடியும் தறுவாயில், இதன் முக்கிய சுற்றுகள் நடக்கும். லீக்கில் யார் முதலிடம் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். கிண்ணத்தை யார் தூக்கினார்கள் என்பதை மறக்க மாட்டார்கள்.

பகாங் இந்தக் கிண்ணத்தை நான்கு முறை வென்றிருக்கிறது: 1983, 1992, 2013, 2014. கடைசியாக இறுதியாட்டம் வரை வந்தது 26 ஏப்ரல் 2025 அன்று. புக்கிட் ஜாலில் அரங்கில் ஜோகூர் டாருல் தக்சிம் அணியிடம் 1-2 என்ற கோல் கணக்கில் தோற்றது. அதற்கடுத்த 2025-26 பருவத்தில் ஸ்ரீ பகாங் அணி சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. இறுதியாட்டம் ஆடிய ஓர் அணி அடுத்த பருவத்தில் களத்தில் இல்லை. கம்போங் ராஜாவில், புளூ வேலியில், பிரிஞ்சாங்கில் மஞ்சள் கறுப்புச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. கிண்ணத்தின் வரலாறும், அதில் பகாங்கின் இடமும், நம்மவர்களின் பங்கும் தெரிந்தால்தான் இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று புரியும்.

மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம்

கேமரன் மலை பகாங்கின் மிகச் சிறிய மாவட்டம். மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அதன் வடக்குக் கோடியில் கம்போங் ராஜா. ஒரு பக்கம் பேரா, மறு பக்கம் லோஜிங் வழியாகக் கிளந்தான். சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் ஈப்போ வந்துவிடும். பகாங்கின் தலைநகரான குவாந்தானுக்குப் போவதென்றால் பாதி நாள் சாலையிலேயே கழியும்.

ஆகவே இங்குள்ள ரசிகர்களின் மனமும் மூன்றாகப் பிரிந்தே கிடந்தது. அடையாள அட்டைப்படி பகாங். மருத்துவமனை, துணிக்கடை, திருமண மண்டபம் எல்லாம் ஈப்போ. எனவே பேராவின் ஆட்டத்தை நேரில் பார்ப்பது எளிது, பகாங்கின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே வழக்கம். 2013 இறுதியாட்டம் பகாங்குக்கும் கிளந்தானுக்கும் நடந்தபோது, இரு மாநிலங்களின் எல்லையில் வாழும் ஊருக்கு அது பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி.

அமெரிக்காவின் பவுல் ஆட்டங்கள்

லீக் பருவம் முடிந்த பிறகு தனியாக ஒரு கொண்டாட்டம் வைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்கு இடையிலான காற்பந்தில் இது ஒரு பெரிய மரபு. அங்கே காற்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் இறுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை பல்கலைக்கழகங்கள் தங்கள் பிரிவுக்குள் மோதும். குறைந்தது ஆறு ஆட்டங்களில் வென்ற அணிக்கு, பருவம் முடிந்த பிறகு வெதுவெதுப்பான ஏதாவது ஒரு நகரத்தில் ஓர் அழைப்பு ஆட்டம் கிடைக்கும். அதற்குப் பெயர் 'பவுல்'. கிண்ணம் போன்ற வடிவில் கட்டப்பட்ட விளையாட்டரங்குகளிலிருந்து வந்த பெயர் அது. இவற்றில் மூத்தது கலிபோர்னியா பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பவுல். அதன் முதல் ஆட்டம் 1902 ஜனவரி 1 அன்று நடந்தது. மிச்சிகன் 49-0 என்று ஸ்டான்போர்டை நசுக்கியது. ஆட்டம் அவ்வளவு ஒருதலைப்பட்சமாகப் போனதால் பல ஆண்டுகள் மறுபடி நடத்தவே இல்லை. 1916 முதல்தான் ஆண்டுதோறும் நடக்கிறது.

இப்போது அங்கே ஏறக்குறைய நாற்பது பவுல் ஆட்டங்கள் இருக்கின்றன. பிஸ்கட் கம்பெனி, காப்பீட்டுக் கம்பெனி என்று விளம்பரதாரர் பெயரிலேயே பல நடக்கின்றன. உண்மையான வெற்றியாளரை முடிவு செய்வது தனியாக நடக்கும் பிளேஆப் சுற்று. 2024 பருவத்திலிருந்து அதில் 12 அணிகள். முதல் 12 அணிச் சுற்றை, 2025 ஜனவரி 20 அன்று நோத்ர டேம் அணியை 34-23 என்று வென்று, ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகம் கைப்பற்றியது.

பிளேஆப் வந்ததும் மற்ற பவுல் ஆட்டங்களின் மதிப்பு இறங்கத் தொடங்கியது. தொழில்முறை அணிக்குப் போகக் காத்திருக்கும் நட்சத்திர வீரர் ஒருவர், எதற்காகக் காயம் படும் அபாயத்தோடு இந்த ஆட்டத்தில் இறங்க வேண்டும் என்று ஒதுங்கிவிடுகிறார். 2023 பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லாமல் வந்தும் பிளேஆப்புக்கு அழைக்கப்படாத புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் முக்கிய வீரர்கள் பலர் ஆரஞ்ச் பவுலில் ஆடவில்லை. ஜோர்ஜியாவிடம் 3-63 என்று தோற்றார்கள். பணயம் இல்லாத ஆட்டம் எப்படி வெறும் காட்சியாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். மலேசியக் கிண்ணம் இந்த ஒரு விஷயத்தில் நூறாண்டுகளாகத் தப்பித்து வந்திருக்கிறது. மாநிலத்தின் மானம் என்று ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்ததே காரணம்.

கப்பல் கொடுத்த கிண்ணம்

முதலாம் உலகப் போருக்கு முன்பு, பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலுக்கான பணத்தைக் கொடுத்தன. அந்தக் கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். மலாயா. 1916-இல் ஜட்லண்ட் கடற்போரில் ஈடுபட்டது. 1921-இல் அது மலாயாவுக்கு வந்தபோது, அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் நன்றிக்கடனாகக் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களைக் கொடுத்தார்கள். மலாயா கிண்ணம் அப்படித்தான் பிறந்தது.

கப்பலுக்குப் பணம் கொடுத்த மாநிலங்களின் வருமானம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும். ரப்பர் மரத்தைச் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர். கிண்ணத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் சுல்தான்களையும் கப்பல் தலைவனையும் குறிப்பிடுவார்கள். பால்வாளி தூக்கியவர்கள் அந்த வரிகளில் வருவதில்லை. நாமாவது இங்கே குறித்துவைப்போம்.

முதல் ஆட்டத்தில் சிலாங்கூர் பினாங்கை 5-1 என்று வென்றது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரைத் தோற்கடித்தது. ஜப்பானியர் காலத்தில் போட்டி நின்றது, 1948-இல் மீண்டது. 1967 முதல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. இதுவரை அதிக முறை வென்ற அணி சிலாங்கூர், 33 முறை. அடுத்தது 24 முறை வென்ற சிங்கப்பூர்.

லீக்கும் கிண்ணமும் எப்படிச் சேர்ந்தன

தொடக்கத்தில் லீக் என்று தனியாக எதுவும் இல்லை. கிண்ணம்தான் எல்லாம். 1979-இல் மாநில அணிகளை ஒரே அட்டவணையில் ஆடவைத்து, மேலே வந்தவர்களைக் கிண்ணத்துக்கு அனுப்பும் முறை வந்தது. அதாவது லீக் என்பதே முதலில் கிண்ணத்துக்கான நுழைவுத் தேர்வாகத்தான் பிறந்தது. 1982 முதல் லீக்குக்குத் தனிப் பட்டம் கிடைத்தது.

1989-இல் பாதித் தொழில்முறை லீக் வந்தபோது கணக்கு இன்னும் கறாரானது. முதல் பிரிவில் முதல் ஆறு இடங்களும் இரண்டாம் பிரிவில் முதல் இரண்டு இடங்களும் பிடித்தவர்கள் மட்டும் கிண்ணத்தின் காலிறுதிக்கு. ஏழாவது வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லீக்கின் கடைசி வாரங்களில் ஆறாவது இடத்துக்காக நடந்த மோதல்கள் சில வேளைகளில் முதலிடப் போட்டியைவிடச் சூடாக இருந்தன. என் கருத்தில் கிண்ணத்துக்கு உகந்த முறை அதுதான். பின்னர் 16 அணிகளைக் குழுக்களாகப் பிரித்து ஆடவைத்தார்கள். அண்மைய ஆண்டுகளில் நேரடியாகவே 16 அணிகள் மோதும் வெளியேற்றுச் சுற்று, உள்ளூரிலும் வெளியூரிலுமாக இரண்டு ஆட்டங்கள், இறுதி மட்டும் ஒரே ஆட்டம் என்று நடக்கிறது. சூப்பர் லீக்கில் இருந்தாலே கிண்ணத்திலும் இடம் உண்டு என்றானதும், லீக்கில் உழைத்துப் பெற்ற பரிசு என்ற பெருமை கொஞ்சம் குறைந்துதான் போனது.

பகாங்கின் நான்கு இரவுகள்

1983 வரை பகாங் பெரிய அணிகளின் பட்டியலில் இல்லை. சிலாங்கூர், சிங்கப்பூர், பினாங்கு, பேரா என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் பகாங் சிலாங்கூரை 3-2 என்று வென்று முதல்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த ஆண்டும் இதே இரண்டு அணிகள்தான் இறுதியில் சந்தித்தன. அம்முறை சிலாங்கூர் பழி தீர்த்துக்கொண்டது.

1992 வேறு விதம். அந்த அணியில் சிங்கப்பூரின் பண்டி அகமது இருந்தார். டோல்லா சாலே, சைனால் அபிடின் ஹசான் என்று தேசிய அணியின் தாக்குதல் வரிசையே பகாங் சட்டையில் இருந்தது. லீக்கையும் வென்று, கிண்ண இறுதியில் கெடாவை 1-0 என்று முறியடித்து, இரட்டை வெற்றி பெற்றது. ஒரே பருவத்தில் லீக்கும் கிண்ணமும் வாங்கிய அணி என்ற பெருமை பகாங்குக்கு அந்த ஆண்டில் கிடைத்தது.

பிறகு விழுந்த அடியும் பெரியது. 1994 டிசம்பர் 17 அன்று ஷா ஆலாம் அரங்கில் சிங்கப்பூர் 4-0 என்று பகாங்கை வீழ்த்தியது. அப்பாஸ் சாட் மூன்று கோல் அடித்தார். அந்த ஆட்டத்தோடு சிங்கப்பூர் நம் போட்டிகளிலிருந்து வெளியேறியது. பின்னர் 2012 முதல் 2015 வரை லயன்ஸ் லெவன் என்ற பெயரில் வந்து போனது, அது தனிக் கதை. அதே காலத்தில்தான் ஆட்டத்தை விலைக்கு விற்ற ஊழல் வெடித்தது. போலீசார் பல மாநிலங்களின் ஆட்டக்காரர்களை விசாரித்தார்கள், பலருக்குத் தடை விழுந்தது. திடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தலைமுறை ரசிகர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஆங்கில லீக் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்றுவரை அவர்களில் பலர் திரும்பவில்லை.

1992-க்கும் அடுத்த கிண்ணத்துக்கும் இடையே 21 ஆண்டுகள். 2013 நவம்பர் 3 அன்று இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த மத்தியாஸ் கொந்தி அடித்த ஒரே கோல் கிளந்தானைத் தோற்கடித்தது. பயிற்றுநர் யார் தெரியுமா? 1992-இல் ஆட்டக்காரராக இருந்த அதே டோல்லா சாலே. மறு ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியில் பகாங் பெல்டா யுனைட்டெட் அணியை 2-1 என்று வென்றது. 2014 நவம்பர் 1 அன்று மலேசியக் கிண்ண இறுதியில் எதிரணி ஜோகூர். பணபலத்தில் அதற்கு ஈடில்லை. ஆட்டம் 2-2 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. பகாங் 5-3 என்று வென்றது. கிண்ணத்தைத் தொடர்ந்து இரண்டு முறை வைத்துக்கொண்டது.

அந்த ஆண்டுகளின் பகாங் அணியில் ஆர்.கோபிநாதன், ஆர்.சுரேந்திரன் என்று நம் பெயர்களும் இருந்தன. தோட்டத்தில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனுக்கு, தன் வகுப்பு நண்பனின் பெயர் போன்ற ஒரு பெயர் மாநிலச் சட்டையின் முதுகில் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம்.

நம்மவர்கள் விட்டுச்சென்ற தடம்

கிண்ணத்தின் வரலாற்றில் தமிழர்களின் பெயரை எடுத்துவிட்டால் பல பக்கங்கள் காலியாகிவிடும். சிலாங்கூரின் கோல்காவலர் ஆர்.ஆறுமுகம், 'ஸ்பைடர்மேன்' என்றே நாடு அழைத்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்ற தேசிய அணியின் காலத்தவர். அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அவர்கள் யாரும் அங்கே ஆடவில்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் இறந்தார். அவருக்கு முந்தைய தலைமுறையில் எம்.சந்திரன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர். அந்த ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தது. உருண்டைப் பந்தில்தான்.

சிங்கப்பூர்ப் பக்கம் பார்த்தால், 1977-இல் பினாங்கை 3-2 என்று வென்று கிண்ணத்தை வாங்கிய அணியின் தலைவர் சமாட் அல்லாபிச்சை. பின்னால் வந்த வி.சுந்தரமூர்த்தியின் கால் வித்தைக்காகவே திடலுக்குப் போனவர்கள் உண்டு. நெகிரி செம்பிலான் 2009-இலும் 2011-இலும் கிண்ணம் வென்றபோது எஸ்.குணலன் அதன் வலப்பக்கத்தில் ஓடினார். பின்பு ஜோகூரிலும் நீண்ட காலம் ஆடினார்.

பயிற்றுநர்களின் கதை இன்னும் கனமானது. கிளந்தான் தன் வரலாற்றில் முதல்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது 2010-இல், பி.சத்தியநாதன் பயிற்சியில். அடுத்த ஆண்டே அதே கிளந்தானுக்கு எம்.கராத்து சூப்பர் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். 2010 டிசம்பரில் மலேசியா முதல்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் கே.ராஜகோபால், சிலாங்கூரின் பழைய தாக்குதல் ஆட்டக்காரர். ஒரே காலகட்டத்தில் மூன்று பேர். அதன் பிறகு அந்த இருக்கைகளில் நம் பெயர்கள் அரிதாகிவிட்டன.

கல்லூரி அணியும் சமூக அணியும்

அமெரிக்காவைப் போல் இங்கே பல்கலைக்கழகக் காற்பந்து அரங்கங்களை நிரப்புவதில்லை. ஆனால் ஒரு முயற்சி உயரம் வரை போனது. யுஐடிஎம் அணி 2020-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. நாட்டின் உயரிய லீக்கில் ஒரு பல்கலைக்கழக அணி ஆடியது அதுவே முதல்முறை. பெருந்தொற்றால் சுருங்கிப்போன அந்தப் பருவத்தில் நடுப்பகுதியில் முடித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மலேசியக் கிண்ணம் அவ்வாண்டு பாதியிலேயே ரத்தானது. 2021-இல் கீழே இறங்கியது.

இந்தியச் சமூகத்தின் முயற்சி மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் வழியாக வந்தது. மிஃபா என்று நாம் அழைக்கும் அந்தச் சங்கத்தின் அணி 2017-இல் பிரிமியர் லீக்கில் நுழைந்தது. 2019-இல் சூப்பர் லீக்கில் கால் வைத்தபோது பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் ஆடியது. பி.மணியம் பயிற்சியில், மற்ற அணிகள் வெளிநாட்டவரை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளூர் ஆட்டக்காரர்களை நம்பியே தாக்குப்பிடித்தது. 2022 பருவம் முடிந்ததும் அணி போட்டியிலிருந்து விலகியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏறிப் போக ஒரு படிக்கட்டாக இருந்தது அது. எடுத்துவிட்ட இடத்தில் இதுவரை வேறொன்று வைக்கப்படவில்லை.

ஏன் அணிகள் காணாமல் போகின்றன

பழைய காலத்தில் மாநில அணி என்றால் மாநிலச் சங்கத்தின் அணி. மாநில அரசின் பணமும் மாநில நிறுவனங்களின் ஆதரவும் இருந்தன. ஆட்டக்காரர்கள் வங்கியிலோ போலீசிலோ வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். தொழில்முறைக்கு மாறிய பிறகு ஒவ்வொரு கிளப்பும் தனி நிறுவனமாகப் பதிவு செய்து, கணக்கைக் காட்டி, உரிமம் வாங்கித்தான் ஆட வேண்டும். விதி நல்ல விதிதான். வருமானம் மட்டும் அதற்கு ஏற்ப வளரவில்லை. நுழைவுச்சீட்டு விற்பனை ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் சம்பளத்துக்கே போதாது. ஒளிபரப்புப் பணம் நிலையாக இல்லை. மாதக்கணக்கில் சம்பளம் வராத ஆட்டக்காரர்களின் புகார்கள் பத்திரிகையில் வழக்கமான செய்தியாகிவிட்டன. மறு முனையில் ஜோகூர் 2014 முதல் சூப்பர் லீக் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கிண்ணத்தையும் 2022, 2023, 2024-25 என்று தொடர்ந்து மூன்று முறை எடுத்தது.

இந்த நிலையில்தான் 2025-இல் பகாங் ஒதுங்கியது. பேராவும் அதே பருவத்தில் சூப்பர் லீக்கில் இல்லை. கெடாவுக்கும் இடம் கிடைக்கவில்லை. கிண்ணத்தை வென்ற வரலாறு உள்ள மூன்று மாநிலங்கள் ஒரே ஆண்டில். 13 அணிகளோடு தொடங்கிய லீக்கில் புருணையின் டிபிஎம்எம் அணிக்கு இடம் இருந்தது.

கம்போங் ராஜாவுக்கு இதன் பொருள் வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். சொந்த மாநிலமான பகாங்கின் அணி இல்லை. மலை இறங்கினால் வரும் ஈப்போவில் பேரா அணி இல்லை. 2025-26 பருவத்தில் ஒரு சூப்பர் லீக் ஆட்டத்தை நேரில் பார்க்க நினைக்கும் அப்பாவும் பிள்ளையும், தெற்கே கோலாலம்பூருக்கோ, லோஜிங், குவா மூசாங் வழியாகக் கோத்தா பாருவுக்கோ, வேறு ஊருக்கோ நெடுந்தூரம் போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஆட்டம் முடிந்து வீடு திரும்புவதற்குள் தேயிலைக் காட்டில் காலைப் பிரட்டு தொடங்கிவிடும்.